கொல்லைப்புறத்தில் ஒரு தோணி



உங்கள் வீட்டுக்காரர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவரா? அப்படியானால் இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் பத்திரிகையை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிடுங்கள். அவர் கண்ணில் பட்டு ஏதாவது விபரீதம் நேர்ந்தால் நான் பொறுப்பாளியல்ல.

ஓய்வு பெற்ற ஆண்பிள்ளைகள் எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்கமாட்டார்கள். சிலருக்கு ரோஜாச் செடி, சிலருக்கு ஹோமியோபதி, இன்னும் சிலர் சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, நாம் தாளிப்பதை மேற்பார்வை செய்வார்கள். என் வீட்டுக்காரர் 32 வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். சென்ற விஜயதசமியன்று காலையில், பூஜை முடிந்து கையில் சுண்டலை வாங்கிக்கொண்டவர், "இந்தா, நான் ஒரு தோணி கட்டப்போகிறேன்" என்றார்.

நான் ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து, "பேத்திக்குக் காகிதத்திலா?" என்று கேட்டேன்.

"மரத்தில். 10 அடி நீளம், 4 அடி அகலம். 3 பேர் உட்காரலாம்."

"எங்கே வைத்துக் கட்டுவதாக உத்தேசம்?"

"கொல்லையில்தான். வேறு எங்கே?"

நாங்கள் இருப்பது சிதம்பரம். எங்கள் கொல்லையில் ஒரு கிணறு, ஒரு முருங்கை, துணி உலர்த்தும் கொடி ஆகியவை உண்டு. கடல் கிடையாது. ஆனால் அவர் பிறந்தது கிள்ளையில். சிறு வயதில் உப்பங்கழியில் தோணி ஏறித் திரிந்தவர். வாத்தியார் வேலையில் அடங்கிக் கிடந்த அந்தப் பையன், பென்ஷன் வந்ததும் வெளியே குதித்துவிட்டான் என்று புரிந்துகொண்டேன்.

அன்று முதல் வீட்டில் தோணிப் பேச்சுதான். காப்பி ஆறிப்போகும், அவர் பேச்சு ஆறாது. அதில் சில சங்கதிகள் எனக்கே சுவாரஸ்யமாக இருந்தன, உங்களுக்கும் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் 1963-ஆம் வருஷம் ‘மிரர்’ என்று ஒரு சிறு படகு வந்ததாம். ஜாக் ஹோல்ட் என்ற படகு நிபுணரும், தொலைக்காட்சியில் வீட்டு மராமத்து வேலைகளைச் சொல்லிக்கொடுத்த பாரி பக்னெல் என்பவரும் சேர்ந்து உருவாக்கியது. பிளைவுட் துண்டுகளைச் செப்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளின் மேல் கண்ணாடி நார்ப் பட்டையும் பசையும் போட்டுவிட்டால் படகு தயார். தச்சு வேலை தெரியாத குடும்பங்கள் வீட்டுக் கூடத்திலேயே செய்து முடித்தார்களாம். இதுவரை ஏறக்குறைய 70,000 படகுகள் அப்படி உருவாகியிருக்கின்றன.

"பலகையைத் தைக்கிற யோசனை அவர்களுக்கு முன்பே நம்முடையது" என்பார் அவர் பெருமையாக. அது வாஸ்தவம்தான். நம் சோழமண்டலக் கரையில் அலை அதிகம். பெரிய கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், ஆட்களையும் மூட்டைகளையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்தவை. ஆணி அடித்த படகு அலையில் மோதினால் விறைத்து நின்று உடையும். தைத்த படகோ வளைந்து கொடுத்துத் தப்பிக்கும். மாமியார் வீட்டுக்குப் போகிற பெண்ணுக்குச் சொல்கிற புத்திமதி மாதிரி இல்லையா? அஜந்தா ஓவியத்தில் உள்ள கப்பலைப் பார்த்து, இதே முறையில் கயிற்றால் தைத்துக் கட்டிய ‘கௌண்டின்யா’ என்ற பாய்மரக் கப்பல், 2025-ல் நம் கடற்படையில் சேர்ந்திருக்கிறது.

நம்முடைய கட்டுமரமும் லேசுப்பட்டதல்ல. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி, 1697-ல் வெளியான தம் பயண நூலில் அதைப் பற்றி எழுதினார். இன்றைக்கு உலகமெங்கும் இரட்டை உடல் கொண்ட படகுகளைக் ‘கேடமரான்’ என்றுதான் அழைக்கிறார்கள். நம் மீனவர் வாய்ச் சொல் அது.

பெருமை இருக்கட்டும், தோணிக்கு வருவோம்.

பிளைவுட் வாங்கி வந்தார். ‘கடல் தண்ணீரிலேயே ஊறப்போட்டாலும் அசையாது’ என்று கடைக்காரர் சத்தியம் செய்தாராம். எனக்குச் சந்தேகம். சமையல் மேடைக்குக் கீழே அலமாரி போட்டபோது இதே சத்தியத்தைக் கேட்டு ஏமாந்தவள் நான். ஓரத்தில் ஒரு சிறு துண்டை அறுத்து, பழைய அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் கொதிக்கவிட்டேன். 4 மணி நேரத்தில் அது வெங்காயச் சருகு மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்து மிதந்தது.

பிறகு விசாரித்தபோது தெரிந்தது: நீர்க்கலங்களுக்கான பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 710 என்று ஒரு தர எண் உண்டு. 72 மணி நேரம் கொதிக்கவைத்தாலும் அது பிரியக்கூடாது. வெறும் ஐ.எஸ். 303 என்று இருந்தால் அது நாற்காலி மேஜைக்குத்தான். சகோதரிகளே, தோணி கட்டாவிட்டாலும் இந்த எண்ணை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஸிங்க்குக்கு அடியில் அலமாரி போடும்போது உதவும்.

அவர் முகம் வாடிப்போயிற்று. எனக்கே பாவமாக இருந்தது. "கடலூர் முதுநகரில் உப்பனாற்றங்கரையில் தெரிந்தவர்கள் யாராவது இருப்பார்கள், போய்க் கேட்டுவிட்டு வாருங்களேன்" என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரியவரைக் கையோடு அழைத்து வந்துவிட்டார்.

படகு கட்டும் தச்சருக்கு ஓடாவி என்று பெயர். ஓடம் என்ற சொல்லின் உறவு அது. இந்த ஓடாவிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கையில் அளவு நாடா கிடையாது. கட்டைவிரலும் சாணும்தான் அளவு. என் வீட்டுக்காரர் போட்ட வரைபடத்தை மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "கணக்கெல்லாம் சரியா இருக்குதுங்க, வாத்தியாரே. ஆனா இது காயிதம்" என்றார்.

அவருக்கு இப்போது மரவேலை அதிகம் இல்லை. 2004-ல் சுனாமி வந்து போன பிறகு, அரசாங்கமும் தொண்டு நிறுவனங்களும் மீனவர்களுக்கு ஃபைபர் படகுகளாகக் கொடுத்தார்கள். அது லேசானது, புழு அரிக்காது, மோட்டார் வைத்துக்கொள்ளலாம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கட்டுமரமும் மரத்தோணியும் கரையிலிருந்து மெல்ல மெல்ல விடைபெற்றுக்கொண்டன. பெரியவரின் பிள்ளைகள் இருவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். "எனக்குப் பிறகு இந்த உளியைப் பிடிக்க ஆளில்லேம்மா. வாத்தியாரு வந்து கேட்டாரு, வந்துட்டேன்" என்றார். என் வீட்டுக்காரர் அந்த வயதில் உளி பிடிக்கக் கற்றுக்கொள்ளப் போகும் மாணவர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மோர் கொடுத்தேன். குடித்துக்கொண்டே கொல்லைக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். "அம்மா, இது யாரு வீட்டுப் பலா?" என்றார்.

இங்கேதான், சகோதரிகளே, எனக்குச் சோதனை ஆரம்பித்தது.

அது என் பிறந்த வீட்டுப் பலா. பண்ருட்டிப் பக்கம் எங்கள் அப்பா சின்ன வயதில் நட்டது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை ஏறியபோது எங்கள் ஜில்லாவில் பலாவும் முந்திரியும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. எங்கள் மரமும் விழுந்தது. அப்பா அழவில்லை, மரவாடிக்கு வண்டி பேசி, ஒன்றரை அங்குலப் பலகைகளாக அறுத்து, "உன் பேரன் பேத்திக்கு ஊஞ்சல் போடு" என்று எனக்கு அனுப்பிவைத்தார். மறு வருஷமே அவரும் போய்விட்டார். பலகைகள் கொட்டகையிலேயே காய்ந்துகொண்டிருந்தன. ஊஞ்சல் போட இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

"படகுக்கு அயனிப் பலகைதான் ராஜா. பலா அதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி" என்றார் ஓடாவி. இரண்டும் ஒரே இனத்து மரங்கள்தாம். வீணை செய்கிற மரமும் பலாதான் என்று உங்களுக்குத் தெரியுமே! கரையானுக்கும் லேசில் இடம் கொடுக்காது.

என் வீட்டுக்காரர் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கேட்காமல் கிணற்றடியைப் பார்த்துக்கொண்டு நின்றாரே, அதுதான் சங்கடம்.

பலகை மட்டும் விஷயமல்ல. எனக்குத் தண்ணீர் என்றால் பயம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, என் மகள் தோழிகளோடு தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்குப் போவதாக இருந்தாள். விடியற்காலையில் காய்ச்சல் அடித்தது. போகவேண்டாம் என்று தடுத்துவிட்டேன். அன்று கடலூர் ஜில்லாவில் மாத்திரம் 600-க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு நான் கடலில் கால் நனைத்ததில்லை. அன்று காய்ச்சலில் படுத்திருந்த பெண்ணின் மகள்தான் இன்று எங்கள் பேத்தி. வயது 7. "தாத்தா, தோணியில் எனக்கு எந்த இடம்?" என்று தினம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இரண்டு நாள் யோசித்தேன். ஊஞ்சலாக ஆகாமல் 12 வருஷத்துக்கு மேல் கிடந்த பலகையை, ‘ஊஞ்சலுக்காக வைத்திருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டிருப்பது யாரை ஏமாற்ற? கடைசியில் மூன்று நிபந்தனைகளோடு கொடுத்தேன். ஒன்று, ஓடாவி சொல்வதுதான் சட்டம். கணக்கு வாத்தியார் குறுக்கே பேசக்கூடாது. இரண்டு, ஒரு பலகையைப் பிளக்காமல் அப்படியே வைக்கவேண்டும். மூன்று, நான் சரி என்று சொல்லும்வரை பேத்தி தோணியில் கால் வைக்கக்கூடாது.

மரவாடியில் பலகைகளை அரை அங்குலமாகப் பிளந்து கொண்டுவந்தார்கள். கீற்றுக் கொட்டகையில் வேலை ஆரம்பமாயிற்று. முதலில் ஏரா. தோணியின் முதுகெலும்பு அது. அதன் மேல் விலா எலும்புகள் மாதிரி வங்குகள். வங்குக்கு நாட்டுக் கருவேல மரத்தில் தானாகவே வளைந்த கிளைகளாகத் தேடி எடுத்தார் ஓடாவி. "நேர் மரத்தை அறுத்து வளைவு பண்ணினா ரேகை அறுந்துபோயிடும். தானா வளைஞ்ச மரத்துக்குத்தான் பலம்" என்றார்.

பலகையை வளைப்பதுதான் பெரிய வித்தை. என் வீட்டுக்காரர் படித்த புத்தகங்களில் ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் ஆவியில் வைக்கவேண்டும் என்று போட்டிருந்தது. இட்லிக் கொப்பரைத் தத்துவந்தான். ஓடாவியோ ஈரச் சாக்கைச் சுற்றி, என் கல்யாண அண்டாவில் கொதித்த வெந்நீரை ஊற்றி ஊற்றி, அடியில் தேங்காய் மட்டையின் மெல்லிய அனலைக் காட்டி, நுனியில் கல்லைத் தொங்கவிட்டு வளைத்தார். அவசரப்பட்டால் ‘படீர்’ என்று விரியும். முதல் பலகை அப்படித்தான் விரிந்தது. என் அப்பாவின் மரம். ‘படீர்’ என்ற சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. அன்று யாரும் யாரோடும் பேசவில்லை.

ஆணிகள் செம்பில். உப்புத் தண்ணீரில் இரும்பாணி துருப்பிடித்துத் தானும் கெட்டு, சுற்றியிருக்கிற மரத்தையும் கெடுக்கும். செப்பாணியை வெளியிலிருந்து செலுத்தி, உள்ளே ஒரு வளையத்தைப் போட்டு, மிச்சத்தை நறுக்கி, நுனியைத் தட்டி மழுக்கவேண்டும். ஒரு ஆளால் ஆகாத வேலை. வெளியே ஒருவர் கனமான இரும்பை ஆணித் தலையில் அழுத்திப் பிடிக்கவேண்டும். உள்ளே ஒருவர் தட்டவேண்டும். ஓடாவி வராத நாட்களில் பிடிக்கிற ஆள் நான்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த வேலைகளில் அதிக மாச்சரியமில்லாமல் நடந்தது அதுதான் என்று சொல்வேன். நடுவில் பலகை இருந்ததால் முகம் பார்க்க முடியாது. அதனால் சண்டை வரவில்லையோ என்னவோ!

பிறகு இடுக்கு அடைக்கிற வேலை. இதற்குக் கலப்பற்று என்று பெயர். பஞ்சைத் திரித்து, பலகைகளுக்கு நடுவே உளியால் செலுத்தி, மேலே குங்கிலியத்தை எண்ணெயில் உருக்கிப் பூசவேண்டும். பஞ்சு திரிப்பதற்கு நமக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? எத்தனை கார்த்திகைக்குத் திரி திரித்திருக்கிறோம்! பக்கத்து வீட்டு மாமி, எதிர்வீட்டுப் பெண், நான், பேத்தி எல்லோருமாகத் திண்ணையில் உட்கார்ந்து திரித்தோம். "ரொம்ப இறுக்கினா பலகை விலகும், தளர்த்தினா தண்ணி வரும்" என்று ஓடாவி ஒவ்வொரு இடுக்காகத் தட்டிப் பார்த்தார்.

மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவார். அதற்கு மறுவாரம் வெள்ளோட்டம் என்று நாள் பார்த்தோம். பிச்சாவரத்தில் விடவேண்டும் என்று என் வீட்டுக்காரருக்கு ஆசை. ஆனால் அது காப்புக்காடு. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ‘ராம்சார்’ ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்ந்திருக்கிறது. சொந்தப் படகை நம் இஷ்டத்துக்கு விட முடியாது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரம் இன்றும் அந்தக் காட்டில் நிற்கிறது. அதைப் பார்க்கவேண்டுமென்றால் எல்லோரையும் போல அங்கே இருக்கிற படகுத்துறையில் சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம். ஆகவே, உரியவர்களிடம் விசாரித்துக்கொண்டு, பரங்கிப்பேட்டைக்குச் சற்று மேலே வெள்ளாற்றில் விடுவதென்று முடிவாயிற்று.

அதிலும் ஒரு நுட்பம். வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் கடல் நீர் ஏறும், வடியும். ஏறுகிற வேளையில்தான் புதுத் தோணியை இறக்கவேண்டும் என்றார் ஓடாவி. ஏதாவது கோளாறானால் தண்ணீர் நம்மை ஊருக்குள் தள்ளும். வடிகிற வேளையில் கடலுக்கு இழுத்துக்கொண்டு போகும்.

தேங்காய் உடைத்து, தோணியைத் தள்ளினார்கள். அழகாக மிதந்தது. கரையில் இருந்த பிள்ளைகள் கை தட்டினார்கள். அரை மணி நேரத்தில் உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர்! அதே பிள்ளைகள் இப்போது சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை.

ஓடாவி பதறவே இல்லை. "ஐப்பசி மழையில உங்க வீட்டுக் கதவு சாத்த முடியாம இறுகிக்குதா இல்லியாம்மா? அதேதான். காஞ்ச பலகை தண்ணி குடிச்சு ஊதி, தானே இடுக்கை மூடிக்கும். ரெண்டு ராத்திரி ஊறட்டும்" என்று, ஆழமில்லாத இடத்தில் முளையடித்துக் கட்டிவிட்டார்.

மூன்றாம் நாள் தண்ணீரை இறைத்துவிட்டுப் பார்த்தால், உள்ளே உலர்ந்தேயிருந்தது. ஒரே ஒரு இடம் தவிர. பின்புறம், அமரத்தை ஒட்டி, கீழ்ப் பலகையில் ஒரு ஆணிக்குப் பக்கத்தில் தண்ணீர் நூல் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஓடாவி வண்ணத்தைச் சுரண்டினார். அடியில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. அதில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து, மேலே வண்ணம் பூசியிருந்தது.

"இது யாரு பண்ணினது?" என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தேவையுமில்லை. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு நாள் நான் ஊருக்குப் போயிருந்தபோது, துளை போடாமலே ஆணியை அடித்திருக்கிறார். பலகை விரிந்துவிட்டது. முதல் பலகை விரிந்த அன்று என் முகம் போன போக்கை நினைத்துக்கொண்டு, சொல்லாமல் பூசி மறைத்துவிட்டாராம்.

பேத்திக்கு என்று குறித்து வைத்திருந்த இடம், அந்த வெடிப்புக்கு நேர் மேலே.

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. ஓடாவிதான் சொன்னார்: "வீட்டுல மறைக்கலாம், ஊர்ல மறைக்கலாம் வாத்தியாரே. தண்ணிக்கு முகதாட்சண்யம் கெடையாது. நல்லவேளை, கரையோரமாவே காட்டிக் கொடுத்திடுச்சு."

திரும்பி வருகிற வழியில் என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்: "32 வருஷம் பையன்களிடம், தப்புக் கணக்கை அழிக்காதே, எங்கே தப்பினாய் என்று எனக்குத் தெரியவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன்." அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் இராத்திரி படுத்தபோது எனக்கும் ஒரு யோசனை வந்தது. தப்பைச் சொன்னால் வீட்டில் என்ன நடக்குமோ என்று அவர் பயந்தாரே, அந்தப் பயத்தில் என் பங்கும் கொஞ்சம் இல்லையா? பலகையை விடப் பேத்தி எனக்குப் பெரிது என்பதை அவர் நம்பும்படி நான் நடந்துகொண்டேனா?

மறுநாள் வெடித்த பாகத்தை வெட்டியெடுத்து, புதுத் துண்டைப் பொருத்தினார்கள். ஆணியை இம்முறை துளை போட்டு அடித்தார்கள். இரும்பை நான்தான் பிடித்தேன். மறுபடியும் இரண்டு இராத்திரி ஊறல். இருக்கைகளுக்கு அடியில் மூடி இறுகிய 20 லிட்டர் காலிக் கேன்களைக் கட்டினார்கள். பிறகு இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்தி, வேண்டுமென்றே தோணி நிறையத் தண்ணீரை விட்டார்கள். மூழ்கவில்லை, நிறைந்தும் மிதந்தது. முதலில் ஓடாவி ஏறினார். பிறகு என் வீட்டுக்காரர் தனியாகத் துடுப்புப் போட்டு அக்கரை போய்த் திரும்பினார். அவர் கண்கள் அப்போது கிள்ளைப் பையனுடைய கண்களாக இருந்தன.

"ஆயா, இப்பவாவது நான் ஏறலாமா?" என்றாள் பேத்தி, உயிர் காக்கும் சட்டையை மாட்டிக்கொண்டு.

சரி என்று சொல்வதற்கு முன், நானே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இன்னொரு உயிர்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, தண்ணீரில் இறங்கினேன். 20 வருஷத்துக்குப் பிறகு. கால் நடுங்கியது வாஸ்தவம். தோணிக்குள் உட்கார்ந்து, அந்த ஒட்டுப் போட்ட இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. அப்புறம்தான் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

கட்டிய கதை இவ்வளவுதான். உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிக் கிளம்பினால், வேண்டாம் என்று தடுக்காதீர்கள். ஆஹா என்று தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாரா, எங்கே விடலாம் என்று கேட்டுக்கொண்டாரா, குழந்தையை ஏற்றுவதற்கு முன் தாம் ஏறிச் சோதித்தாரா என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். நாலாவதாக, செய்த தப்பை உங்களிடம் சொல்ல அவருக்குத் தைரியம் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மரத்தோணியைத் தண்ணீரிலேயே விட்டுவைக்கக் கூடாது. கப்பல் புழு என்று ஒன்று இருக்கிறது. பெயர்தான் புழு, உண்மையில் அது கிளிஞ்சல் ஜாதி. கண்ணுக்குத் தெரியாத துளை வழியே நுழைந்து, மரத்தை உள்ளேயே கோறையாக்கிவிடும். அதனால்தான் நம் மீனவர்கள் கட்டுமரத்தைக் கரைக்கு இழுத்துக் கட்டவிழ்த்து உலரவிட்டார்கள். எங்கள் தோணியும் விளையாட்டு முடிந்ததும் வண்டியேறிக் கொல்லைக்கு வந்துவிடுகிறது.

பிளக்காமல் வைக்கச் சொன்ன அந்தப் பலகை என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அதுதான் தோணியின் பின் இருக்கை. கழற்றி மாட்டும்படி ஓடாவி செய்து கொடுத்திருக்கிறார். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோணி கொட்டகையில் கவிழ்ந்து கிடக்கும்போது, அதே பலகையைக் கூடத்தில் சங்கிலியில் மாட்டிவிடலாம். அப்பா சொன்ன ஊஞ்சல்!

ஓடாவி இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். தோணி முடிந்துவிட்டதே என்கிறீர்களா? எதிர்வீட்டுப் பையன் உளி பிடிக்கக் கற்றுக்கொள்கிறான். கூடவே, வண்ணம் பூசாமல் வேலை செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறார் ஒரு கணக்கு வாத்தியார்.